அழுத்தத் துடிப்பை அடக்குவது: எச்.பி.எல்.சி. பம்பிலும் பெரிஸ்டால்டிக் பம்பிலும்

கேள்வி: "சர்க்கரைப் பகுப்பாய்வுக்கு ஆர்.ஐ. (ஒளிவிலகல் எண்) டிடெக்டரோடு எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) ஓட்டுகிறோம். அமினோ நிரல் (சர்க்கரைகளைப் பிரிக்கும் துகள் நிரம்பிய குழாய்), அசிட்டோநைட்ரைல்–தண்ணீர் 75:25, நிமிடத்துக்கு 1 மி.லி. அழுத்தம் 57-க்கும் 63 பாருக்கும் இடையே ஆடுகிறது. பேஸ்லைனில் (டிடெக்டரின் அடிக்கோட்டில்) 6 வினாடிக்கு ஒரு அலை. பம்ப் இரண்டு ஹெட் உள்ளது, ஒவ்வொரு பிஸ்டனும் 50 மைக்ரோலிட்டர். இன்னொரு மேசையில் பெரிஸ்டால்டிக் பம்ப் (உருளைகள் நெகிழ்குழாயை நசுக்கித் திரவத்தைத் தள்ளுவது) வைத்து ஃப்ளோரசன்ஸ் ஃப்ளோ செல்லுக்குக் கரைசல் அனுப்புகிறோம். அங்கேயும் சிக்னல் துடிக்கிறது. இரண்டுக்கும் பல்ஸ் டேம்பர் (துடிப்படக்கி) வாங்கலாமா?"

பெரிஸ்டால்டிக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை வாங்க வேண்டியதில்லை, கையில் உள்ள சாமான்களை வைத்தே செய்துவிடலாம். எச்.பி.எல்.சி.க்கு இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன 6 வினாடி என்ற எண்ணே பம்பில் பழுது இருப்பதைக் காட்டுகிறது. பழுதோடு டேம்பர் போட்டால் அலை மறையும், பழுது அப்படியே இருக்கும்.

முதலில் அந்த 6 வினாடியைப் பார்ப்போம். இரண்டு பிஸ்டனும் மாறி மாறித் தள்ளும் பம்பில் ஒரு முழுச் சுற்றுக்கு 100 மைக்ரோலிட்டர் போகும். நிமிடத்துக்கு 1 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 10 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 6 வினாடி. இரண்டு ஹெட்டும் ஒரே மாதிரி வேலை செய்தால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு சின்ன இறக்கம் வரும். அது 3 வினாடிக்கு ஒன்று. 6 வினாடிக்கு ஒன்றுதான் வருகிறது என்றால் ஒரு ஹெட் சரியாகத் தள்ளுகிறது, மற்றொன்று தள்ளவில்லை. வீச்சும் அதையே சொல்கிறது. 60 பாரில் 6 பார் ஆட்டம் என்பது 10 சதவீதம். நல்ல நிலையில் உள்ள பம்பில் இது 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மிக நன்று. திரையில் தெரியும் எண் பல கருவிகளில் சராசரி எடுக்கப்பட்டது. அதனால் மென்பொருளில் அழுத்த வரைகோட்டைத் திறந்து, உச்சத்தையும் பள்ளத்தையும் அங்கே அளந்து பாருங்கள்.

பேஸ்லைன் அலை பம்பிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய இரண்டே சோதனை போதும். ஓட்டத்தை 0.5 மி.லி.க்குக் குறையுங்கள். அலையின் இடைவெளி 12 வினாடியாக நீண்டால் அது பம்ப். இடைவெளி மாறாமல் நின்றால், அதுவும் நிமிடக் கணக்கில் நீளமான அலையாக இருந்தால், வெப்பநிலை: அறையின் ஏ.சி. ஏறி இறங்குவதையோ டிடெக்டரின் சூடேற்றி சுற்றி வருவதையோ ஆர்.ஐ. டிடெக்டர் அப்படியே வரைந்து காட்டும். அடுத்து பம்பை நிறுத்துங்கள். அழுத்தம் இறங்கி முடிந்ததும் கோடு நேராக வேண்டும்.

இனி எந்த ஹெட், அதில் எந்தப் பாகம் என்று பிடிக்க வேண்டும். ஒரு ஹெட்டில் உள்ளே விடும் செக் வால்வு (ஒருவழி வால்வு) ஒன்று, வெளியே விடும் செக் வால்வு ஒன்று, பிஸ்டன் சீல் ஒன்று. இவற்றில் எது போனாலும் அழுத்தக் கோடு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபடுத்த எளிய வழி, உறிஞ்சும் குழாயில் ஒரு குமிழியை ஓடவிட்டுப் பார்ப்பது. பம்ப் அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலிலிருந்து ஃபில்டரை ஒரு கணம் தூக்கி, ஒரு சென்டிமீட்டர் காற்று ஏறியதும் திரும்ப மூழ்கடியுங்கள். அந்தக் குமிழி ஒவ்வொரு ஹெட்டின் குழாயிலும் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். சரியான ஹெட்டில் அது முன்னே தாவும், நிற்கும், மறுபடி முன்னே தாவும். நிற்க வேண்டிய நேரத்தில் பின்னே நழுவினால், பிஸ்டன் தள்ளும்போது திரவம் உள்வால்வு வழியே பாட்டிலுக்கே திரும்புகிறது. பின்னே நழுவாமல், முன்னே தாவும் தூரம் மட்டும் மற்ற ஹெட்டைவிடக் குறைவாக இருந்தால், வெளிவால்வைச் சந்தேகியுங்கள்: இந்தப் பிஸ்டன் உறிஞ்சும் நேரத்தில் அடுத்த ஹெட் தள்ளியது இதற்குள் திரும்பி வந்து இடத்தை நிரப்புகிறது. தாவல் சரியாக இருந்து, ஹெட்டின் பின்புறம் ஈரமோ உப்புப் படிவோ தெரிந்தால் பிஸ்டன் சீல். குமிழி ஹெட்டை நெருங்குவதற்குள் பம்பை நிறுத்தி, பர்ஜ் வால்வைத் திறந்து, காற்று முழுதும் வெளியேறும்வரை ஓட்டிவிடுங்கள். அந்தக் குமிழி ஹெட்டுக்குள் தங்கினால் அதுவே புதிய துடிப்பாகிவிடும்.

உங்கள் மொபைல் ஃபேஸில் (நிரல் வழியே ஓடும் கரைப்பானில்) முக்கால் பங்கு அசிட்டோநைட்ரைல் என்பதால் என் முதல் சந்தேகம் உள்வால்வின் மேல்தான். செக் வால்வு என்பது சஃபையர் இருக்கையின் மேல் உட்காரும் ஒரு ரூபி (மாணிக்கக்) குண்டு, அவ்வளவுதான். அசிட்டோநைட்ரைல் நாள்பட ஓடினால் குண்டின் மேலும் இருக்கையின் மேலும் ஒட்டும் படலம் உருவாகிறது. குண்டு இருக்கையில் ஒட்டிக்கொள்கிறது அல்லது சரியாக உட்கார மறுக்கிறது. வால்வைக் கழற்றி, கார்ட்ரிட்ஜைப் பிரிக்காமல் முழுதாக ஐசோப்ரோப்பனாலில் மூழ்கடித்து 15 முதல் 20 நிமிடம் மீயொலிக் குளியலில் சோனிகேட் செய்யுங்கள். திரும்பப் பொருத்தும்போது அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, ஓட்டி, கோட்டைப் பார்த்த பிறகு அடுத்தது. இல்லாவிட்டால் எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாது, மூன்று மாதம் கழித்து அதே வேலை மறுபடி வரும். சோனிகேட் செய்தும் சில நாளில் மறுபடி ஒட்டினால், கருவியைச் செய்தவரிடம் செராமிக் குண்டு உள்ள வால்வு கிடைக்குமா என்று கேளுங்கள்.

டீகேஸ் ஆகாத (கரைந்த காற்று நீக்கப்படாத) மொபைல் ஃபேஸும் இதே கோட்டைத் தரும். ஹெட்டுக்குள் ஒட்டிய சிறு குமிழியை பிஸ்டன் அழுத்தி விரித்துக்கொண்டே இருக்கும், திரவம் வெளியே போகாது. அடைத்த உறிஞ்சு ஃபில்டரும் இதற்கு ஒரு காரணம், ஏனெனில் உறிஞ்சும் பக்கம் வெற்றிடமாகும்போது கரைந்த காற்று பிரிந்து வரும். ஃபில்டரைச் சோதிக்க, உறிஞ்சும் குழாயைப் பம்ப் முனையில் கழற்றித் தாழ்த்திப் பிடியுங்கள். பாட்டில் பம்பைவிட உயரத்தில் இருந்தால் திரவம் தங்குதடையில்லாமல் சொட்ட வேண்டும்.

இத்தனையும் சரியாகி, இடைவெளி 3 வினாடியாக மாறி, இன்னும் சின்ன அலை மிச்சமிருந்தால் அமுங்குதிறன் அமைப்பைப் பாருங்கள். பிஸ்டன் தள்ளத் தொடங்கியதும் முதலில் திரவத்தை அமுக்குகிறது, பிறகே வெளியே விடுகிறது. அமுங்குதிறன் ஒரு பாருக்குத் தண்ணீருக்குப் பத்து லட்சத்தில் 46 பங்கு, அசிட்டோநைட்ரைலுக்கு 115, மெத்தனாலுக்கு 120 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 60 பாரில் தண்ணீர் சுமார் 0.28 சதவீதமும் அசிட்டோநைட்ரைல் 0.7 சதவீதமும் சுருங்கும். ஹெட்டுக்குள் பிஸ்டன் எட்டாத இடத்தில் நிற்கும் திரவமும் சேர்ந்து சுருங்குவதால் உண்மையான இழப்பு இதைவிடக் கூடுதல். பம்ப் இதை ஈடுகட்ட முடியும், ஆனால் எந்தத் திரவம் என்று நாம் சொல்ல வேண்டும். தண்ணீருக்கான எண்ணை வைத்துக்கொண்டு அசிட்டோநைட்ரைல் ஓட்டும் ஆய்வகங்கள் நிறைய.

பழுதின் மேல் டேம்பரைப் போடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், டேம்பர் ஓட்டத்தைச் சமப்படுத்துமே தவிர கூட்டித் தராது. உள்வால்வு கசியும் பம்ப் 1 மி.லி. என்று காட்டிக்கொண்டு 0.93 மி.லி. தள்ளும். டேம்பர் போட்டபின் பேஸ்லைன் அழகாக இருக்கும். ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும் சற்றுத் தாமதமாக வரும். கசிவு நாளுக்கு நாள் மாறுவதால் பீக் (வரைகோட்டு மேடு) பரப்பும் நகரும். இதைக் கண்டுபிடிக்கத் துடிப்பு என்ற அடையாளமும் இருக்காது. அதனால் டேம்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிடெக்டர் வெளிவழியில் 10 மி.லி. வால்யூமெட்ரிக் குடுவையை வைத்து நேரத்தை அளக்கும் வழக்கம் வேண்டும். 10 நிமிடத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 12 வினாடிக்கு மேல் விலகினால், அதாவது 2 சதவீதத்துக்கு மேல், பம்பைத் திறந்து பாருங்கள்.

இனி டேம்பர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருவோம். பெரிஸ்டால்டிக்குக்குச் செய்யப்போவதும் இதை வைத்துத்தான். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஏற்றினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருவதற்கு இரண்டு காரணம்: தொட்டி இடம் கொடுக்கிறது, குழாய் குறுகலாக இருக்கிறது. குழாய்க்குப் பதில் தொட்டியின் அடியையே திறந்துவிட்டால் ஏறுவது ஏறியபடியே இறங்கும். டேம்பரும் அப்படித்தான். இடம் கொடுக்கும் தன்மையும் அதற்குப் பின்னால் உள்ள தடையும் சேர்ந்ததே டேம்பர். கடையில் விற்பது முதல் பாதி மட்டும். இரண்டாம் பாதியை நாம் வைக்காவிட்டால் எவ்வளவு விலையுள்ள டேம்பரும் பயன் தராது.

இரண்டையும் பெருக்கினால் நேர மாறிலி கிடைக்கும். இடம் கொடுக்கும் அளவு என்பது ஒரு பார் ஏற்றினால் எத்தனை மி.லி. கூடுதலாக உள்ளே போகும் என்பது. தடை என்பது வினாடிக்கு ஒரு மி.லி. ஓட எத்தனை பார் வேண்டும் என்பது. துடிப்பு எத்தனை மடங்கு குறையும் என்று தெரிய, நேர மாறிலியை வினாடிக்கான துடிப்பு எண்ணிக்கையாலும் 6.28 ஆலும் பெருக்குங்கள். விடை 5-க்கு மேல் இருந்தால் கிட்டத்தட்ட அத்தனை மடங்கு குறையும். விடை 1-க்குக் கீழே வந்தால் டேம்பர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஓட்டத்தை மாற்றியபின் நிலைபெற ஆகும் நேரம் நேர மாறிலியைப் போல ஐந்து மடங்கு.

உங்கள் பெரிஸ்டால்டிக் பம்புக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஆறு உருளை, நிமிடத்துக்கு 20 சுற்று, 1 மி.லி. ஓட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். நிமிடத்துக்கு 120 துடிப்பு, வினாடிக்கு 2. பம்பின் வெளிக்குழாயில் ஒரு டி-இணைப்பு. அதன் நடுக்கையில் 5 மி.லி. லூயர்-லாக் சிரிஞ்சு, முனை கீழ்நோக்கி, உலக்கையை (பிளஞ்சரை) 1 மி.லி. கோட்டில் நிறுத்தி, உள்ளே காற்று. டி-க்குப் பிறகு தடையாக 0.25 மி.மீ. உள்விட்டமுள்ள நீல PEEK பிளாஸ்டிக் குழாய் 30 செ.மீ. அதற்குப் பின் ஃப்ளோ செல்.

அந்தக் குழாயில் தண்ணீர் நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட சுமார் 0.5 பார் வேண்டும். அந்த அழுத்தத்தில் 1 மி.லி. காற்று சுமார் 0.66 மி.லி.யாகச் சுருங்கும், அது ஒரு பாருக்கு 0.43 மி.லி. இடம் கொடுக்கும். நேர மாறிலி சுமார் 13 வினாடி. துடிப்பு நூறு மடங்குக்கு மேல் குறையும், நிலைபெற ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இது தேவைக்கு அதிகம். உலக்கையை 0.3 மி.லி.க்கு இறக்குங்கள்: நேர மாறிலி 4 வினாடி, துடிப்பு ஏறத்தாழ 50 மடங்கு குறையும், 20 வினாடியில் நிலைபெறும். உலக்கையை ஏற்றி இறக்கி இதை உட்கார்ந்த இடத்திலேயே திருத்தலாம் என்பதால்தான் மூடிய கண்ணாடிக் குப்பியைவிட சிரிஞ்சை நான் விரும்புகிறேன்.

இப்போது அதே 1 மி.லி. காற்றை வைத்துக்கொண்டு தடைக்குழாயை மட்டும் 1.6 மி.மீ. குழாயாக மாற்றுங்கள். தடை, விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுவது. விட்டம் 6.4 மடங்கு கூடினால் தடை ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் குறையும். நேர மாறிலி வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. துடிப்பு 3 சதவீதம் குறைந்தால் பெரிது. "காற்றுக் குப்பி போட்டோம், பலனில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். குப்பியைப் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள், குறுக வேண்டியது குழாய். மறுபக்கம், 0.25 மி.மீ. குழாயை ஒரு மீட்டருக்கு நீட்டாதீர்கள். 1.7 பார் ஏறும். பல பெரிஸ்டால்டிக் குழாய்கள் அந்த அழுத்தத்தில் உருளைக்கு அடியில் பின்னோக்கிக் கசியும், ஓட்டமே குறையும். போதாததற்கு அழுத்தம் ஏற ஏறக் காற்று சுருங்குவதோடு விறைப்பும் ஆகிறது. முழு அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்று கொடுக்கும் இடம் நான்கில் ஒன்றாகிவிடும்.

துடிப்பு நன்றாக அடங்கவும் வேண்டும், சீக்கிரம் நிலைபெறவும் வேண்டும் என்றால் ஒரே பெரிய டேம்பரை வைக்காமல் சின்னதாக இரண்டை வரிசையாக வையுங்கள்: காற்று, தடை, காற்று, தடை. ஒவ்வொன்றுக்கும் 0.8 வினாடி நேர மாறிலி போதும். உங்கள் துடிப்பு சுமார் நூறு மடங்கு குறையும், 10 வினாடியில் நிலைபெறும். ஒற்றை டேம்பரில் அதே நூறு மடங்கைப் பெற 40 வினாடி காத்திருக்க வேண்டும்.

இதை வைக்கும் இடம் முக்கியம். மாதிரியைச் செலுத்தும் வால்வுக்கு முன்னால், கேரியர் கரைசலின் பாதையில் வையுங்கள். மாதிரி ஓடும் பாதையில் வைத்தால் சிரிஞ்சின் அடியில் ஒரு பகுதி தேங்கி அடுத்த மாதிரியில் கலக்கும்; புரதமோ நொதியோ இருந்தால் காற்று படும் பரப்பில் கெட்டுப்போகவும் செய்யும். ஐ.சி.பி. (தனிமங்களை அளக்கும் பிளாஸ்மா) கருவிக்கு மாதிரி உறிஞ்சும் பம்பில் காற்று டேம்பர் வேண்டாம் என்பதும் இதனால்தான்; முந்தைய மாதிரியின் வால் நீண்டுவிடும். அங்கே செய்ய வேண்டியது வேறு: உள்விட்டம் குறைந்த பம்ப் குழாயைப் போட்டு வேகத்தைக் கூட்டுவது. துடிப்பு அடிக்கடி வரும், ஒவ்வொன்றும் சின்னதாக இருக்கும், எஞ்சிய குழாய்களின் நெகிழ்வே அதை அடக்கிவிடும். இந்த வழி உங்கள் ஃப்ளோ செல்லுக்கும் பொருந்தும். காற்றைச் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. உருளை அதிகமுள்ள ஹெட் கிடைத்தால் அதுவும் இதே பலன் தரும். இரண்டு குழாயை, உருளைகள் பாதி இடைவெளி தள்ளி நிற்கும்படி அமைத்து, ஒய்-இணைப்பில் சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றதன் மேடு நிரப்பும்.

பிளாஸ்டிக் சிரிஞ்சு தண்ணீர்க் கரைசல்களுக்கு மட்டும். அசிட்டோநைட்ரைலோ டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃப்யூரான்) கரைப்பானோ பட்டால் உலக்கையின் ரப்பர் உப்பி அதில் உள்ளது கரைந்து வரும், ஃப்ளோரசன்ஸில் அது உடனே தெரியும். காற்று மெல்ல மெல்லக் கரைசலில் கரைந்து போகும் என்பதால் காலையில் ஓட்டத் தொடங்கும்போது சிரிஞ்சில் திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, ஏறியிருந்தால் காற்றைப் புதுப்பியுங்கள்.

எச்.பி.எல்.சி.க்கு இந்தக் காற்று வித்தை செல்லாது. 60 பாரில் 1 மி.லி. காற்று 16 மைக்ரோலிட்டராகச் சுருங்கும், விரைவில் கரையும், கரைந்தது டிடெக்டரில் அழுத்தம் இறங்கியதும் குமிழியாக வெளிவரும். அங்கே இடம் கொடுப்பது திரவத்தின் அமுங்குதிறனும் உலோகத்தின் நெகிழ்வும்தான். கடையில் கிடைப்பவை இரண்டு வகை: தட்டையாக்கிச் சுருட்டிய எஃகுக் குழாய், அல்லது ஒரு சவ்வுக்குப் பின்னால் அமுங்கும் திரவத்தை அடைத்தது. கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். சவ்வுக்குப் பின்னால் 10 மி.லி. மெத்தனால் என்றால் பாருக்கு 1.2 மைக்ரோலிட்டர் இடம். உங்கள் நிரல் வினாடிக்கு 16.7 மைக்ரோலிட்டருக்கு 60 பார் தடுக்கிறது. நேர மாறிலி சுமார் 4.3 வினாடி. பழுதால் வரும் 6 வினாடி அலையை அது நாலரை மடங்குதான் குறைக்கும். பம்பைச் சரிசெய்தபின் மிஞ்சும் 3 வினாடி அலையோ முதலிலேயே சின்னது, அதை 9 மடங்கு குறைக்கும். பழுதைச் சரிசெய்த பிறகே டேம்பர் தன் காசுக்கு வேலை செய்கிறது.

அதை பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில், திரவம் ஊடே பாயும்படி வையுங்கள். டி-யில் தொங்கும் வகை என்றால் பழைய மொபைல் ஃபேஸ் அதில் தேங்கி நாள் முழுதும் கசிந்துகொண்டிருக்கும், ஆர்.ஐ. டிடெக்டருக்கு அது சரிவான பேஸ்லைனாகத் தெரியும். நிரல் குட்டையாக இருந்து தடை போதவில்லை என்றால், டேம்பருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் பிரிக்கும் திறன் போன பழைய நிரல் ஒன்றைத் தடையாகப் போடலாம். செக் வால்வு குண்டுகளும் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் நன்றாக உட்காரும். தடை வேண்டுமென்று ஆர்.ஐ. டிடெக்டருக்குப் பின்னால் மட்டும் எதையும் மாட்டாதீர்கள். அதன் செல் பொதுவாக 5 பார் அளவே தாங்கும், உடைந்தால் டேம்பரின் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

கிரேடியன்ட் (ஓட்டத்தின்போதே கரைப்பான் கலவையை மாற்றும் முறை) ஓட்டும் கருவியில் டேம்பருக்கு இன்னொரு விலை உண்டு. அதன் கொள்ளளவு அப்படியே கிரேடியன்ட் தாமதமாகச் சேரும், அழுத்தம் மாறினால் அந்தத் தாமதமும் மாறும். இரண்டு கருவிகளுக்கு இடையே ஒரு முறையை மாற்றும்போது பீக்குகள் நகர்வதற்கு இது வழக்கமான காரணம். உங்கள் சர்க்கரை முறை ஐசோகிராட்டிக் (கலவை மாறாதது) என்பதால் இந்தக் கவலை இல்லை.

டேம்பர் பொருத்தியபின் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்தியதும் அழுத்தம் சட்டென்று விழாது. அடைபட்ட திரவம் நிரல் வழியே வடிந்து முடிய வேண்டும். மீட்டர் பூஜ்யத்துக்கு வரும்வரை எந்த ஃபிட்டிங்கையும் தளர்த்தாதீர்கள். அவசரமென்றால் பர்ஜ் வால்வை மெதுவாகத் திறந்து இறக்குங்கள். சட்டென்று திறந்தால் நிரலின் படுகை குலைந்து, அடுத்து செலுத்தும் மாதிரியிலிருந்தே பீக்குகள் இரண்டாகப் பிளக்கத் தொடங்கும்.